தேஜஸ் படத்துக்கு நிழல் தீட்ட வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. 2024 அக்டோபர் 6 அன்று மெரினா வானில் தேஜஸ் போர் விமானத்தைப் பார்த்ததிலிருந்து, அதை அங்குலம் அங்குலமாக வரைய வேண்டும் என்று ஆசை. இப்போது பெரம்பூர் வீட்டில் ஏ2 தாளில், 24-ல் ஒரு பங்கு அளவில் வரைகிறேன். 13.2 மீட்டர் நீளம் 55 சென்டிமீட்டராகி, தாளில் சரியாக உட்கார்ந்துவிட்டது. இறக்கைதான் படுத்தியது. முன்விளிம்பு வளையும் டெல்டா (முக்கோண) இறக்கை என்றால் பெரும்பாலும் அந்த விளிம்பு உடலருகே பின்னோக்கி அதிகம் சாயும், நுனிப்பக்கம் குறைவு. தேஜஸில் அப்படியே தலைகீழ். அது புரிவதற்குள் இரண்டு முறை அழித்தேன்.

கோடு முடிந்தது, நிழலில் நிற்கிறேன். இறக்கைக்கு அடியில் காற்று உள்ளே போகும் வாய்க்குள் மென்மையான 6பி பென்சிலைத் தடவினால் பளபளவென்று சாம்பலாகத் தெரிகிறது, ஆழமே வரவில்லை. 0.3 மில்லிமீட்டர் முனைப் பென்சிலால் போட்ட தகட்டு இணைப்புக் கோடுகளும் பஞ்சு ஒற்றியதும் கலங்கிவிடுகின்றன. முதலில் நிழல், அப்புறம் கோடு என்று போக வேண்டுமா? கரிப் பென்சில் சேர்க்கலாமா? பாரிமுனைப் பக்கம் வழவழப்பான கெட்டித் தாள் கிடைக்கும் கடை தெரிந்தாலும் சொல்லுங்கள். மழை ஈரத்தில் இந்தத் தாளின் ஓரம் நெளிய ஆரம்பித்துவிட்டது.