பெண்ணையாற்றுக்கு அந்தப் பக்கம் போன இரண்டணா தபால்தலை

இந்திய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தபோது வெளியான தபால்தலைகளை யாராவது நேரில் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டிருந்தீர்கள். எங்கள் வீட்டிலேயே ஒன்று இருக்கிறது.

எங்கள் ஆயாவுக்குப் பிறந்த வீடு கடலூர் மஞ்சக்குப்பம், வாழ்க்கைப்பட்டது பாகூர். அவர் டிரங்குப் பெட்டியில் நிலப் பத்திரங்களுக்கு நடுவே அவருடைய அண்ணன் எழுதிய கடிதங்கள் கிடைத்தன. ஓர் உறையில் சிவப்பு இரண்டணா தலை. முத்திரை மை பரவி, '50' மட்டும் தெரிகிறது.

1950 ஜனவரி 26 அன்று வந்த நான்கு தலைகளில் அது ஒன்று. மூன்றரை அணாவில் மைக்கூடும் இறகுப் பேனாவும், நான்கணாவில் கதிரும் ஏரும், பன்னிரண்டணாவில் ராட்டையும் துணியும். இரண்டணாவில் கொண்டாடும் மக்கள் கூட்டம். எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்தது. சில வருஷம் முன்புவரை ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முகம் இருந்த இடத்தில் பேர் தெரியாத சனங்கள்! நான்கிலும் எந்தத் தலைவர் முகமும் கிடையாது. மக்கள் தங்களுக்கே எழுதிக்கொண்ட சட்டத்துக்கு வேறு எந்தப் படம் பொருந்தும்?

ஆனால் விலாசத்தைப் பாருங்கள். புதுச்சேரியைச் சேர்ந்த பாகூர் அப்போது பிரெஞ்சு ஆட்சியில். அந்தப் பக்கத்துத் தபால்தலையில் அணா இல்லை, ஃபனோன், காஷ் என்ற பிரெஞ்சிந்தியக் காசுக் கணக்கு. ஆற்றுக்கு இந்தப் பக்கம் அண்ணன் குடியரசின் குடிமகன், அந்தப் பக்கம் தங்கைக்கு அந்தக் குடியுரிமை இன்னும் வரவில்லை. 1954 அக்டோபர் 18இல் புதுச்சேரிப் பகுதியில் உள்ள கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி, 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. சட்டப்படி முழுதாக இணைந்தது 1962 ஆகஸ்ட் 16இல்தான். தலை வந்து பன்னிரண்டு வருஷம் கழித்து!

கடிதத்தில் இதெல்லாம் ஒரு வரிகூட இல்லை. "மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் வருவியா, மாப்பிள்ளையைக் கேட்டு எழுது" என்றுதான் இருக்கிறது.

தலையைத் தண்ணீரில் ஊறவைத்து எடுத்து ஆல்பத்தில் ஒட்டலாமா என்று தம்பி கேட்கிறான். எனக்கு மனசு வரவில்லை.

மறுமொழி, கடலூரிலிருந்து:

தயவுசெய்து எடுக்காதீர்கள். அந்த இரண்டணா தலை தனியாக எங்கேயும் கிடைக்கும். மஞ்சக்குப்பத்திலிருந்து பாகூருக்குப் போன உறை கிடைக்காது. என்னிடம் நான்கும் இருக்கின்றன, அப்பா வாங்கி வைத்தவை. நவம்பர் 26, அரசியலமைப்பு நாளில் எங்கள் தெருப் பிள்ளைகளிடம் காட்டுவேன். போன தடவை ஒரு பெண் நான்கணாவில் இருந்த ஏரைக் காட்டி, "இது எங்க தாத்தா வீட்ல இருக்கே" என்றாள். அவளிடம் வாக்குரிமை பற்றிப் பேசுவது அதற்கப்புறம் சுலபமாகிவிட்டது.

உறையை மடிக்காமல் தட்டையாக வையுங்கள், செலோடேப் மட்டும் வேண்டாம். பின்பக்கத்தில் பாகூர் முத்திரை இருக்கிறதா? இருந்தால் இரண்டு பக்கமும் படம் எடுத்துப் போடுங்கள்.