யாழ் கடல்நீரேரியில் சொகுசுப் படகுவீடு: 60 சென்ரிமீற்றர் போதுமா?

ஓதம் – காலை 6.40

கரையோர வீடுகள் பற்றின மற்றத் திரியில சுழிபுரத்தான் எழுதினதை அப்படியே விட்டுட்டுப் போக மனம் வரேல்லை. அவர் எழுதினது இது:

“கேரளத்துப் படகுவீடு 60 சென்ரிமீற்றர் தண்ணியில மிதக்கும். எங்கட கடல்நீரேரியில அதைவிடக் குறைஞ்ச ஆழம் எங்கயும் இல்லை. மீகொங்கிலயும் ஆலப்புழையிலயும் நடக்கிற சொகுசு ஆற்றுப் பயணத்தை அராலியில இருந்து கிளாலி வரைக்கும் நடத்தலாம். காணி வாங்கேலாத வெளிநாட்டுக்காரருக்கு மிதக்கும் வீடு விக்கலாம். செய்யாமல் இருக்கிறது எங்கட சோம்பல்.”

முதலில பாதை. அராலிக்கும் கிளாலிக்கும் நடுவில பண்ணைத் தாம்போதி, தண்ணியைக் குறுக்கறுத்துப் போட்ட வீதி, கிடக்கு. அதில தண்ணி போக விட்ட வாய்களுக்குள்ளால இரண்டு தட்டுப் படகு போகாது. அதைத் தாண்டினாலும் சங்குப்பிட்டிப் பாலமும் தாம்போதியும் நிக்குது. வரைபடத்தை ஒருக்கால் விரிச்சுப் பார்த்திருந்தாலே இது தெரிஞ்சிருக்கும்.

அடுத்தது அந்த 60. அது படகின்ர தாழ்வு, படகு தண்ணிக்குள்ள தாழ்ந்து நிக்கிற அளவு. தண்ணியின்ர ஆழம் இல்லை. இரண்டையும் ஒண்டாக்கிப்போட்டு எங்களைச் சோம்பேறி எண்டு சொல்ல இவருக்கு என்ன உரிமை?

சுழிபுரத்தான் – காலை 7.15

ஓதம் அண்ணை, வழக்கம்போல விடியக்காலமையே கோபம். 60 எண்டால் 60தான். கேரளத்தில நூற்றுக்கணக்கில ஓடுது. கடல்நீரேரியின்ர ஆகக்கூடின ஆழம் 4 மீற்றர் அளவு. 4 மீற்றரில 60 சென்ரிமீற்றர் போகாதோ? பாதையை மாத்தலாம், தாம்போதிக்கு ஒரு பக்கமாவே ஓடலாம். கணக்கு மாறாது.

ஓதம் – காலை 7.50

ஆகக்கூடின ஆழத்தில வள்ளம் தட்டினதாக ஒரு கதையும் இல்லை. தட்டுறது ஆகக்குறைஞ்ச இடத்தில. பெரும்பகுதி இரண்டு மீற்றருக்கும் குறைவு, ஓரமெல்லாம் முழங்கால் தண்ணி. கிழக்குப் பக்கம் கோடையில வெடிச்சு உப்புப் பூக்குது.

இப்ப உங்கட 60ஐயே எடுப்பம். 20 மீற்றர் நீளம், 4.5 மீற்றர் அகலம், இரண்டு முனையும் கூர். தண்ணி மட்டத்தில பரப்பு ஏறக்குறைய 63 சதுர மீற்றர். ஒரு சென்ரிமீற்றர் தாழ 650 கிலோ போதும். வெறும் படகு 60இல நிக்குது எண்டு வையுங்கோ. நல்ல தண்ணி 3,000 லீற்றர், அது 3 தொன். 15 கேவிஏ ஜெனரேற்றர் அரைத் தொன். 400 லீற்றர் டீசல் 340 கிலோ. பத்து விருந்தினர், நாலு வேலையாள், பெட்டி படுக்கையோட ஒரு தொன்னுக்கு மேல. ஐந்து தொன் ஏறினால் 8 சென்ரிமீற்றர் இன்னும் தாழும். 68 ஆச்சுது. படகை ஓட்டுற காற்றாடி அடித்தட்டுக்குக் கீழ 20 தொடக்கம் 25 இறங்கும். அதுக்குக் கீழ ஒரு அடி இடைவெளி வேணும். கூட்டிப் பாருங்கோ. 1.2 மீற்றர்.

அந்த ஒரு அடியை ஆடம்பரம் எண்டு எண்ணாதேங்கோ. சேற்றுக்குக் கிட்ட ஓடினால் இஞ்சினைக் குளிராக்க உறிஞ்சுற தண்ணியோட சேறும் சாதாளை எண்ட கடற்புல்லும் ஏறும். வடி அடைக்கும், பம்புக்குள்ள இருக்கிற றப்பர்ச் சில்லு எரியும், இஞ்சின் சூடாகி நிக்கும். நடு நீரேரியில பத்துப் பேரோட.

குறிகட்டுவான் – காலை 8.20

வேகத்தை விட்டுட்டியள். ஒரு மீற்றர் ஆழத்தில அலை செக்கனுக்கு 3.1 மீற்றருக்கு மேல ஓடாது, அது 6 நொட். படகு அந்த வேகத்துக்குக் கிட்டப் போனால் பின்பக்கம் குந்தும். 68இல நிண்டது 80ஐத் தாண்டும். அதால 4 நொட்டுக்கு மேல போகேலாது. நாலு நொட்டில சோளகக் காற்று அடிக்கிற நேரம் தட்டை அடியும் இரண்டு தட்டும் உள்ள பெட்டி நேர போகாது, பக்கமா இழுபடும். முன்பக்கத்தைப் பக்கவாட்டில தள்ளித் திருப்பத் தள்ளுகாற்றாடி வேணும், நிறுத்த இரண்டு பக்கமும் இரும்புக் குழாய் சேற்றில இறக்க வேணும். நங்கூரம் மட்டும் காணாது, சேற்றில உழுதுகொண்டு போகும்.

சுழிபுரத்தான் – காலை 8.45

எல்லாரும் சேர்ந்து ஒரு படகை இவ்வளவு பாரமாக்கிப்போட்டியள்! இஞ்சினைக் குளிராக்க வெளித்தண்ணி தேவையில்லை. அடித்தட்டில குழாய் ஓடவிட்டு மூடின சுற்றில குளிராக்கலாம், சாதாளை ஏறாது. அடித்தட்டைச் சுரங்கம் மாதிரிக் குடைஞ்சு காற்றாடியை அதுக்குள்ள மேல தூக்கி வைக்கலாம், அந்த 25 போயிடும். மிச்சம் 60.

கேரளத்துக் கெட்டுவள்ளம் மாதிரி மரத்தில செய்யவும் தேவையில்லை. ஃபைபரில செய்தால் பாரம் குறையும்.

ஜேர்மனியில ரைன் நதியைப் பாருங்கோ. 2018 ஒக்ரோபரில கௌப் எண்ட இடத்தில 25 சென்ரிமீற்றர்தான் காட்டினது. அப்பவும் கப்பல் ஓடினது. அங்க 25, இங்க 60. இதுக்குப் பதில் சொல்லுங்கோ.

ஓதம் – காலை 9.30

சொல்லுறன், கேளுங்கோ.

கௌப்பில காட்டினது அளவுகோலின்ர வாசிப்பு. அது ஆற்றின்ர ஆழம் இல்லை. அந்தக் கோலின்ர பூச்சியம் ஆற்றின்ர அடியில இல்லை. கோல் 78 காட்டினால் கப்பல் வழியில 1.90 மீற்றர் தண்ணி நிக்கும். இரண்டுக்கும் 112 சென்ரிமீற்றர் வித்தியாசம். அப்ப 25 காட்டின நாளில 1.37 மீற்றர் நிண்டது. அதிலயும் சரக்குக் கப்பல்கள் முழுப் பாரம் ஏத்தேல்லை. 135 மீற்றர் நீளச் சொகுசுக் கப்பல்காரர் பயணிகளை இறக்கி பஸ்ஸில ஏத்தினவை.

மீகொங்கும் அதே கதைதான். கம்போடியாவில அதோட சேருற தொன்லே சாப் ஏரி மாரியில 9 மீற்றர், கோடையில ஒரு மீற்றர் அளவு. அந்த ஒரு மீற்றரில பெரிய கப்பல் ஏரியைக் கடக்காது. சியாம் ரீப்பில இருந்து கொம்பொங் சாமுக்கு பஸ். அங்க மாரியில மீகொங் பெருகி தொன்லே சாப் ஆறே திரும்பி ஏரிக்குள்ள ஓடும். எங்களுக்கு அப்படி ஒரு ஆறு எங்க இருக்கு? கடல் ஓதம் இரண்டு அடிக்கு மேல ஏறி இறங்காத இடம் இது.

60, 25 எண்டு எழுத முதல் அது எதை அளந்த இலக்கம் எண்டு பாருங்கோ.

அராலித்துறை – காலை 9.55

“அப்படி ஒரு ஆறு எங்க இருக்கு” எண்டு கேட்டவருக்கு: வழுக்கையாறு. தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கி அராலியில கடல்நீரேரியில விழுது. மாரியில வந்து நிண்டு பாருங்கோ. யாழ்ப்பாணத்தில ஆறு இல்லை எண்டு சொல்லிச் சொல்லியே அதை வாய்க்கால் ஆக்கிப்போட்டியள்.

ஓதம் – காலை 10.05

கேட்டது மீகொங் மாதிரி ஒரு ஆறு. வழுக்கையாற்றில மாரி முடிய எத்தினை சென்ரிமீற்றர் நிக்கும்?

அராலித்துறை – காலை 10.12

சென்ரிமீற்றரால ஆற்றை அளக்கிற ஆளோட எனக்குக் கதையில்லை. எங்கட குடாநாட்டின்ர ஒரே ஆறு அது. அதைக் கொச்சைப்படுத்தினதுக்கு மன்னிப்புக் கேளுங்கோ.

நொத்தாரிசு – முற்பகல் 11.00

ஆழத்தை ஆழம் தெரிஞ்சவை பார்க்கட்டும். வீடு விக்கிற பகுதியை ஒருத்தரும் தொடேல்லை.

2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவருக்குக் காணி உரித்து மாற்றேலாது. பாதியோ அதுக்கு மேலயோ வெளிநாட்டுப் பங்குள்ள கம்பனிக்கும் பொதுவா அதே தடை. இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்குத் தடை இல்லை. நெருங்கின உறவுக்கு உரிமை வழி வாறதுக்கும் விலக்கு இருக்கு. மற்றவைக்குக் குத்தகை, ஆகக்கூட 99 வருஷம். குத்தகைக்கு இருந்த 15 சதவீத வரி 2017 திருத்தத்தோட, 2016 சனவரியில இருந்தே செல்லுற மாதிரி எடுபட்டுது. அதை இன்னும் கட்டவேணும் எண்டு சொல்லுற தரகரை நம்பாதேங்கோ.

மிதக்கும் வீட்டுக்குக் காணி வேண்டாம் எண்டது பிழை. கடல்நீரேரியும் அதின்ர கரையும் அரசின்ர. தூண் நடவேணும், பாலம் போடவேணும், மலசலக் கழிவை இறக்கக் கரையில தாங்கி வேணும். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ அனுமதி இல்லாமல் ஒரு தூணும் ஊன்றேலாது. கரையில தனியார் காணியைக் குத்தகைக்கு எடுத்தாலும், பிரிக்காத பங்கு எண்டால் முழுக் காணியையும் எடுக்க எல்லாப் பங்காளரும் ஒப்பம் வைக்க வேணும். யாழ்ப்பாணத்தில கனக் காணி அப்படித்தான், ஒரு பங்காளர் ரொறன்ரோவில, ஒருவர் பாரிஸில. குத்தகையை விட்டு ஒருவர் தன்ர பங்கை விக்கப்போனால் யாழ்ப்பாணத்து வழமைச் சட்டமான தேசவழமைப்படி மற்றப் பங்காளருக்கு முன்கொள்வனவு உரிமை, முதலில வாங்குற உரிமை, இருக்கு. அவைக்கு அறிவிக்காமல் உறுதி எழுதினால் வழக்கு வரும்.

சுழிபுரத்தான் – முற்பகல் 11.25

தாய்லாந்தில தொடர்மாடியில 49 சதவீதம் வரை வெளிநாட்டவர் வாங்கலாம். வியட்நாமில 50 வருஷம் குடுக்கினம். இங்க மட்டும் எல்லாத்துக்கும் தடை. சட்டத்தை மாத்துறதுக்குப் பதிலா அதைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள்.

நொத்தாரிசு – முற்பகல் 11.40

தாய்லாந்திலயும் மண் வெளிநாட்டவருக்கு இல்லை. நிலக் குத்தகை 30 வருஷம். எங்கட 99 அதைவிடக் கூட. ஒப்பிடுறதெண்டால் முழுசா ஒப்பிடுங்கோ.

சுழிபுரத்தான் – நண்பகல் 12.10

சரி, ஆழம் குறைஞ்ச இடத்தில தோண்டலாம். நான் முன்னமே சொல்லியிருக்கிறன்.

ஓதம் – பிற்பகல் 1.00

தோண்டுங்கோ. ஒரு கிலோமீற்றருக்கு 20 மீற்றர் அகலம், ஒரு மீற்றர் ஆழம். 20,000 கன மீற்றர். மென்சேறு செங்குத்தா நிக்காது, ஐந்துக்கு ஒண்டு சரிவு விடவேணும். இரண்டு பக்கச் சரிவுக்கும் இன்னும் 5,000. மொத்தம் 25,000. மூண்டு கியூப் ரிப்பர் லொறி ஒண்டு எட்டரைக் கன மீற்றர் கொள்ளும். ஒரு கிலோமீற்றருக்கு 2,900 ரிப்பர்! அந்தக் கறுத்த சேற்றை எங்க கொட்டுவியள்? வயலில கொட்டினால் உப்பு. காற்றுப்பட்டால் புளிச்சு அமிலமாகும். தோண்டின வாய்க்கால் அடுத்த மாரியோட தூர்ந்துபோம்.

தோண்டுற வழியில தொழிலாளியள் கம்பு நட்டு மீன், இறால் பிடிக்கிற களங்கட்டியும் சிறகுவலையும் நிக்குது. இறால் வளருறது சாதாளைக்குள்ள. அந்தத் தொழிலாளியின்ர கம்பைப் பிடுங்கிப்போட்டு வெளிநாட்டுக்காரருக்குப் படுக்கை அறை போடுறதை அபிவிருத்தி எண்டு சொல்லாதேங்கோ. இதைத்தான் காலமையில இருந்து சொல்ல வாறன். சோம்பல் எண்ட சொல்லை நீங்கள் ஆருக்கு எழுதினியள் எண்டு யோசியுங்கோ.

சுழிபுரத்தான் – பிற்பகல் 1.20

தொழிலாளியைப் பற்றி நான் ஒரு சொல் பிழையா எழுதேல்லை. திசை திருப்பாதேங்கோ. நான் சொன்னது 60. அந்த 60 பிழை எண்டு இன்னும் ஒருத்தரும் காட்டேல்லை.

சங்குப்பிட்டிப் பாலத்தின்ர நீளம் பற்றின சண்டையிலயும் இப்படித்தான். கடைசியில நான் எழுதின 288 மீற்றர்தான் சரி. அப்ப நீங்கள் ஒரு வரி எழுதேல்லை.

ஓதம் – பிற்பகல் 1.35

288 பாலம் மட்டும். அண்டைக்கு நான் கதைச்சது தாம்போதியோட சேர்த்து. அண்டைக்கும் எதை அளந்தது எண்டு பாராமல்தான் இலக்கம் போட்டியள்.

குறிகட்டுவான் – பிற்பகல் 2.10

இரண்டு பேரும் அளந்துபோட்டுக் கதையுங்கோ. நீட்டு மூங்கிலில பத்துச் சென்ரிமீற்றருக்கு ஒரு கோடு கீறுங்கோ. அடியில ஒரு சாண் அகலத் தட்டு அடியுங்கோ, இல்லாட்டில் கோல் சேற்றுக்குள்ள போய் ஆழத்தைக் கூட்டிக் காட்டும். துறையில ஒரு நிலைக்கோல் நட்டு ஒருவர் நேரத்துக்கு நேரம் தண்ணி மட்டம் எழுதவேணும். ஐம்பது மீற்றருக்கு ஒரு அளவு. கோடையில ஒருக்கா, மாரியில ஒருக்கா. அது இல்லாமல் 60உம் இல்லை, 120உம் இல்லை.

ஒண்டு மட்டும் சொல்லுறன். தீவுப் பக்கத்தில நெடுந்தீவுச் சனம் ஒழுங்கான படகுச் சேவைக்கு அந்தரிக்குது. ஒரு மணித்தியாலக் கடல், நோயாளியோட. தள்ளுகாற்றாடி, ஜெனரேற்றர் எண்டு கணக்குப் போடுற ஒருத்தரும் அந்தப் படகுக்கு ஒரு கணக்குப் போடேல்லை.

சுழிபுரத்தான் – பிற்பகல் 2.30

அது வேற திரி. நான் கேக்கிறது ஒண்டுதான்: சுரங்கக் காற்றாடியோட, ஃபைபர் அடியோட 60 சென்ரிமீற்றரில படகு மிதக்குமோ இல்லையோ?

ஓதம் – பிற்பகல் 2.38

மிதக்கும். கட்டி வைச்சால். ஓட்ட 60 காணாது. சுரங்கம் வைச்சால் 25 போகும், ஐந்து தொன்னும் ஒரு அடியும் போகாது. ஒரு மீற்றர்.

சுழிபுரத்தான் – பிற்பகல் 2.41

“மிதக்கும்” எண்டு எழுதிட்டியள். எல்லாரும் வாசியுங்கோ.

ஓதம் – பிற்பகல் 2.44

அடுத்த சொல்லையும் சேர்த்து வாசியுங்கோ. “கட்டி வைச்சால்.”

அராலித்துறை – பிற்பகல் 3.05

வழுக்கையாற்றுக்கு இன்னும் பதில் வரேல்லை.