நியர், குளோஸ், அட்ஜசென்ட்: எல்லாம் ஒன்றுதானா?

கடலைமிட்டாய்: நியர், குளோஸ், அட்ஜசென்ட், அட்ஜாய்னிங் எல்லாமே 'பக்கத்தில்' தான். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளை இதைத் தனித்தனியாக உருப்போட வைப்பது வீண் வேலை.

வாய்ப்பாடு: மாற்றிப் போட்டுப் பாருங்களேன். உயிர் நண்பனை 'குளோஸ் ஃபிரெண்ட்' என்பார்கள், 'நியர் ஃபிரெண்ட்' என்று யார் சொல்கிறார்கள்? 'நியர் ஃபியூச்சர்' என்கிற இடத்தில் குளோஸ் போட்டால் காதில் இடிக்கும்.

கடலைமிட்டாய்: அது வெறும் பழக்கம். நியர் ரிலேட்டிவ், குளோஸ் ரிலேட்டிவ் இரண்டும் புழக்கத்தில் இருக்கிறதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

வாய்ப்பாடு: சரி, அட்ஜசென்ட்டுக்கு வாங்க, அங்கே விட மாட்டேன். அமெரிக்க உச்ச நீதிமன்றமே 2023-ல் இதை வைத்து மோதிக்கொண்டது, சாக்கெட் வழக்கு. ஐடஹோ மாநிலத்தில் ப்ரீஸ்ட் ஏரிப் பக்கம் சாக்கெட் என்ற தம்பதி வீடு கட்ட மண்ணைக் கொட்ட, இது சதுப்பு நிலம், சுத்த நீர்ச் சட்டத்தில் வருகிறது என்று சுற்றுச்சூழல் துறை நிறுத்தியது. நீர்நிலைக்கு 'அட்ஜசென்ட்' ஆன சதுப்பு நிலம் என்று 1977-ல் அந்தச் சட்டத்தில் சேர்த்திருக்கிறார்கள், ஆனால் இவர்கள் மனைக்கும் ஓடைக்கும் நடுவில் ஒரு ரோடு. தண்ணீரோடு தொடர்ச்சியாக ஒட்டியிருந்தால்தான் சட்டம் பாயும் என்றார்கள் ஐந்து நீதிபதிகள். இன்னொரு நீதிபதி கவனா இதை ஒத்துக்கொள்ளவில்லை: அட்ஜாய்னிங் என்றால்தான் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், அட்ஜசென்ட்டுக்கு நடுவில் ஒரு கரை இருந்தாலும் போதும் என்று தனியாக எழுதினார்.

கடலைமிட்டாய்: இது என் பக்கம் பேசுகிற சாட்சி! சட்டம் கரைத்துக் குடித்த ஐந்து பேரே இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள், பத்தாங்கிளாஸ் பிள்ளையைப் போட்டு ஏன் வதைக்கணும்?

தென்னமரத்தடி: இடையில் வருகிறேன், மன்னிக்கவும். தம்பதிக்குச் சாதகமாகச் சொன்னதில் ஒன்பது பேரும் ஒன்று, பிளவு அளவுகோலில்தான். அப்புறம் வாய்ப்பாடு, கணக்குப் பாடத்தில் அட்ஜசென்ட் ஆங்கிள், அதாவது அடுத்துள்ள கோணம், ஒரு பக்கத்தைப் பகிர்ந்தே ஆக வேண்டும். அங்கே உங்கள் கரை எங்கே போச்சு?

வாய்ப்பாடு: கணக்கு தனக்கென்று வரையறை வைத்துக்கொள்ளும், அதைத் தெருவுக்குக் கொண்டுவராதீங்க. தொட்டே ஆகணும் என்றால் கான்டிகுவஸ் இருக்கிறது. 'கான்டிகுவஸ்' அமெரிக்கா என்றால் 48 மாநிலம், நடுவில் கனடா வருவதால் அலாஸ்கா சேராது, ஹவாய் கடலில் கிடக்கிறது.

கடலைமிட்டாய்: இது உருப்படியான உதாரணம். அப்போ கான்டிகுவஸ், அட்ஜாய்னிங் இரண்டையும் சொல்லிக்கொடுக்கிறேன், நியர்-குளோஸ் பட்டியலைத் தூக்கிவிடுகிறேன்.

வாய்ப்பாடு: நான் நேர்மாறாகச் செய்வேன். கான்டிகுவஸ் எழுதாமலே ஒருவர் காலம் தள்ளலாம், 'நியர் ஃபிரெண்ட்' என்று இன்டர்வியூவில் சொன்னால் எதிரே இருப்பவர் சிரித்துவிடுவார்.