வாளியைக் கழற்றாதே, அதுதான் கால்

குழு: எங்கள் வளவு

ஞாயிறு

நான், காலை 5:48
எல்லோருக்கும் வணக்கம். இந்தக் கிழமை வயலில் இறங்க வேண்டும். அதற்கு முன் ட்ரக்டரில் இருந்து முன் லோடரை, வாளியைத் தூக்கும் அந்த இரண்டு இரும்புக் கையை, கழற்றப் போகிறேன். எரு ஏற்றியதும் கிரவல் அள்ளியதும் இந்த வருடத்துக்குப் போதும். வாளியை நேற்றே கழற்றி வைத்துவிட்டேன், இனி இரண்டு கையையும் இறக்கினால் சரி. லோடரோடு வந்த ஊன்றுகால் ஒன்று தொலைந்துவிட்டது. அதனால் முற்றத்து முதிரைக் கிளையில் சங்கிலி கட்டித் தூக்கலாம் என்று யோசிக்கிறேன்.

குஞ்சு மாமா, 5:51
நில். வாளியைத் திரும்பப் போடு. மற்றதைப் பிறகு கதைப்போம்.

நான்
ஏன் மாமா? வாளி இல்லாவிட்டால் பாரம் குறைவுதானே.

குஞ்சு மாமா
பாரம் குறையும், நிற்பதற்குக் கால் இருக்காது. கழற்றிய லோடர் தரையில் எதை ஊன்றி நிற்கும்? பின்னால் இரண்டு ஊன்றுகால், முன்னால் வாளி. வாளியின் அடி அகலமானது, நிலத்தோடு படிந்து இருக்கும். அதை எடுத்துவிட்டால் முன்பக்கம் இரண்டு கையும் கம்பு மாதிரி நிற்கும். ஒரு பக்கம் சரிந்தால் பிடிக்க ஒன்றும் இல்லை.

அம்மா
2012 ஆவணியில் மாமாவின் காலுக்கு நடந்தது இதுதானே.

குஞ்சு மாமா
ஓம் அக்கா. மீளக் குடியேறி இரண்டு வருடம்கூட ஆகவில்லை, வாடகைக்கு எடுத்த ட்ரக்டர். வாளி இல்லாமல்தான் கழற்றினோம். லோடரை ட்ரக்டரோடு பூட்டும் கடைசிப் பின்னை (இரும்பு ஊசியை) இழுத்ததும் இடது கை என் பக்கம் சாய்ந்தது. வலது கால் பெருவிரலும் அடுத்த விரலும் நசுங்கின. பெருவிரல் நகம் இன்றைக்கும் நேராக வளருவதில்லை. அந்த நானூறு கிலோ இரும்பு விழும்போது சத்தம்கூடப் பெரிதாக வரவில்லை, மண்ணில் புதைகிற சத்தம் மட்டும்தான். அதைத்தான் மறக்க முடியவில்லை.

நான்
சரி மாமா. வாளியைப் போட்டுவிட்டுத்தான் தொடுவேன்.

சித்தப்பா (கனடா), 6:20
இங்கே இப்போது இரவு, இப்போதுதான் பார்த்தேன். மாமா சொல்வது முழுக்கச் சரி. நான் வேலை செய்யும் பட்டறையில் லோடர் கழற்றும்போது வாளி பூட்டியே இருக்கும். வாளிக்குப் பதில் பலகைத் தட்டுத் தூக்கும் முள் பூட்டிக் கழற்றலாமா என்று சிலர் கேட்பார்கள். இரண்டு முள்ளும் ஒடுக்கமானவை, பாரம் ஏறினால் நிலத்தில் இறங்கும். உன் வளவு மணல் கலந்த மண், முள்ளை நம்பாதே. கிளையில் சங்கிலி கட்டுவதும் வேண்டாம். தூக்கிய இரும்பு ஊஞ்சல் மாதிரி ஆடும், அதற்குக் கீழே நீ நிற்பாய்.

நான்
தொலைந்த ஊன்றுகாலுக்கு என்ன செய்வது? ரயில் பாதைச் சிலிப்பர் கட்டை இரண்டு கிடக்கிறது.

குஞ்சு மாமா
கட்டையை அடுக்கி முட்டுக் கொடுக்கலாம், ஆனால் நிற்கிற ஊன்றுகாலின் உயரம் எவ்வளவோ அதே உயரம் வர வேண்டும். ஒரு விரல் குறைந்தாலும் லோடர் அந்தப் பக்கம் முறுகி நிற்கும், திரும்பப் பூட்டும்போது பின் போடும் துளை நேராக வராது. அளந்து பார். பரந்தன் சந்திக்குப் போகும் வழியில் ஒட்டு வேலைப் பட்டறை இருக்கிறது, நாளைக்கு மற்றக் காலைப் பார்த்து ஒன்று செய்விப்போம். இன்றைக்குக் கட்டை போதும். கீழே பலகை ஒன்று வை.

அக்கா, 6:41
லோடரைத் தூக்கும் ஹைட்ரோலிக் ஒயில் ஓடுகிற ஓஸை (ரப்பர் குழாயை) கழற்றும்போது கவனம். எங்கள் வார்டுக்கு ஹைட்ரோலிக் ஒயில் தோலுக்குள் போன ஒருவர் வந்திருந்தார். ஊசி குத்தியது மாதிரி ஒரு புள்ளிதான் தெரிந்தது, நோவும் இல்லை என்று வீட்டில் இருந்துவிட்டார். அடுத்த நாள் கை முழுக்க வீங்கி, அறுவைச் சிகிச்சை வரை போனது. ஒயில் கசிவதைக் கையால் தடவிப் பார்க்கவே வேண்டாம். கடதாசி மட்டையைப் பிடித்துப் பார். பட்டுவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு வா, காத்திருக்காதே.

சித்தப்பா
இதைக் குறித்து வை. கார் ரயரில் 30 பிஎஸ்ஐ (அமுக்க அளவு) காற்று. லோடர் ஓசில் 2000 பிஎஸ்ஐக்கு மேல் போகும். எஞ்சினை நிறுத்திய பிறகும் அந்த அமுக்கம் ஓசுக்குள்ளேயே நிற்கும். அதனால் எஞ்சினை நிறுத்திவிட்டு லீவரை முன், பின், இடம், வலம் என்று நாலு பக்கமும் இரண்டு மூன்று தரம் தள்ளு. அப்புறம்தான் ஓசில் கை வை.

நான், 7:32
வாளி பூட்டியாயிற்று. புளிய மர நிழலில் சமதரைக்குக் கொண்டு வந்துவிட்டேன். வாளி தட்டையாக நிலத்தில் இருக்கிறது. நிற்கிற ஊன்றுகால் ஒரு பக்கம், கட்டை மறுபக்கம், அளந்து வைத்தேன். வலது பின் கழன்றது. இடது பின் அசையவே இல்லை. சுத்தியலால் அடிக்கட்டுமா?

குஞ்சு மாமா
அடிக்காதே. இறுகிய பின் என்றால் அதன்மேல் சுமை நிற்கிறது என்று அர்த்தம். எஞ்சினை மெல்லிய ஓட்டத்தில் விட்டு லீவரை மயிரளவு அசை, நிறுத்து, இறங்கி வந்து பின்னை விரலால் சுழற்றிப் பார். சுழலவில்லையா, திரும்ப மறுபக்கம் மயிரளவு. பின் விரலுக்குச் சுழன்றால் சுமை விட்டுவிட்டது, தானாக வரும். எந்தப் பக்கம் அசைத்தால் விடும் என்பது லோடருக்கு லோடர் வேறு, அதைப் பின்னைத் தொட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அம்மா
லீவரில் ஒருவன், பின்னில் ஒருவன் என்று செய்ய வேண்டாம். ஒரே ஆள் ஏறி இறங்கட்டும்.

குஞ்சு மாமா
உன் அம்மா சொன்னது பெரிய சொல். கை உள்ளே இருக்கும்போது மற்றவன் லீவரைத் தொட்டால் விரல் போய்விடும். நான் வந்து கொண்டிருக்கிறேன், ஏ9 வீதியில் நிற்கிறேன். வந்தாலும் லீவர் உன்னிடம்தான்.

நான், 8:05
சுழன்றது! இரண்டு தரம் மறுபக்கம் அசைத்த பிறகு ஆணி மாதிரி நின்ற பின் நெய்யில் வந்தது போல வந்தது.

சித்தப்பா
நல்லது. ஓசுக்கு நிற நாடா கட்டினாயா? நாலு ஓஸ், ஒன்றுக்கொன்று மாறினால் தூக்கச் சொன்னால் இறக்கும். சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை, ட்ரக்டர் பக்கத்திலும் அதே நிறம். ஓஸ் வாயை மூடு, மழைக்கு முன் குளவி மண் வைத்துவிடும். வெயிலில் வைக்காதே. உள்ளே அடைபட்ட ஒயில் சூட்டில் விரிந்து அமுக்கம் ஏறும், பொருத்தும்போது உள்ளே போகாது. அப்படி நடந்தால் வாயை ஆணியால் குத்த வேண்டாம், அதிகாலையில் குளிர்ந்த பிறகு முயற்சி செய்.

குஞ்சு மாமா
சிலிண்டரின் பளபளப்பான தண்டு வெளியே தெரிகிற இடத்துக்கு கிரீஸ் பூசு. ஐப்பசி மழை பிடித்தால் மார்கழி வரை நனைந்துகொண்டே இருக்கும். அந்தத் தண்டில் துரு பிடித்தால் அடுத்த முறை ஒயில் கசியாமல் அடைக்கும் வளையத்தை, அந்த ஒயில் சீல் என்பதை, கிழித்துவிடும்.

அக்கா
லோடரோடே வயலுக்குள் இறங்கினால் என்ன? ஏன் இவ்வளவு பாடு?

நான்
முன்பக்கம் பாரமாக இருந்தால் சேற்றில் மூக்குப் புதைந்துவிடும் அக்கா. வரம்பு மூலையில் திரும்பவும் இடம் போதாது, வாளி வரம்பை உடைக்கும். போன வருடம் இரணைமடுக் குளத்து வாய்க்கால் வரம்பு ஒன்றை உடைத்துவிட்டுத் திரும்பக் கட்டிக் கொடுத்தேன், அயலார் நல்ல மனிதர், ஒன்றும் சொல்லவில்லை.

நான், 8:44
ட்ரக்டரைப் பின்னால் எடுத்துவிட்டேன், லோடர் அசையாமல் நிற்கிறது. மாமா வந்துவிட்டார், வாளியை உதைத்துப் பார்க்கிறார்.

சித்தப்பா
படம் போடு.

நான்
[படம்]

சித்தப்பா
பச்சை நாடா தெரியவில்லை. பக்கத்தில் போய் எடு.

நான்
[படம்] கட்டிவிட்டேன். எருச் சாக்கு ஒன்றால் மூடப் போகிறேன்.

குஞ்சு மாமா, 8:58
லோடர் பாரத்துக்கு ஈடாக ட்ரக்டருக்குப் பின்னால் தொங்கும் கொங்கிரீட் கட்டையை இனி இறக்கலாம். லோடர் இருக்கும் வரைதான் அது வேண்டும்.