மாடிப்படி விளக்கும் 40 மீட்டரும்: எங்கள் குடும்பக் குழுவில்

நான்: சித்தப்பா, நேற்று இரவு ஹாம் ரேடியோவில், 40 மீட்டர் சிற்றலை வரிசையில் (7 மெகாஹெர்ட்ஸ்) நீங்கள் அழைத்தது தெரிந்தது. சொற்கள்தான் பிடிபடவில்லை. யாரும் பேசாதபோதே, சிக்னலின் வலிமையைக் காட்டும் எஸ் மீட்டர் 8-இல் நிற்கிறது.

சித்தப்பா: உன் குரல் இங்கே நன்றாக வந்ததம்மா. அப்படியானால் இரைச்சல் உன் பக்கத்தில்தான் இருக்கிறது. எப்படிக் கேட்கிறது, படபடவென்று வெடிக்கிறதா, உறுமுகிறதா?

நான்: உறுமல்தான். டயலைத் திருப்பினால் சம இடைவெளியில் ஓங்கி ஓங்கி அடங்குகிறது.

சித்தப்பா: மின்னலால் வருவது ஒழுங்கில்லாமல் வெடிக்கும், இது அதில்லை. ஏதோ ஓர் அடாப்டர் அல்லது எல்இடி விளக்காக இருக்கும். அதற்குள் இருக்கும் சுவிட்ச் மோட் பவர் சப்ளை நொடிக்குப் பல ஆயிரம் முறை மின்னோட்டத்தைத் துண்டித்துச் சேர்க்கிறது. அந்த அதிர்வெண்ணின் மடங்குகள் சிற்றலை முழுவதும் வரிசையாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அண்ணன்: ரேடியோவிலேயே இரைச்சல் குறைக்கும் வசதி இருக்கிறதே, அதை முழுவதும் ஏற்றினால் போதாதா?

சித்தப்பா: காதுக்கு இதமாக இருக்கும் தம்பி, ஆனால் இரைச்சலுக்கு அடியில் மூழ்கிய குரலை அது மீட்டுத் தராது. துடிப்பு வரும் கணத்தில் மட்டும் ஒலியை வெட்டும் நாய்ஸ் பிளாங்கரும் குறுகிய துடிப்புகளுக்குத்தான் உதவும். இரைச்சலைப் பிறக்கும் இடத்திலேயே பிடிக்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. இந்த விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நான்: எங்கே தொடங்கட்டும்?

சித்தப்பா: ரேடியோவை பேட்டரியில் ஓட்டு. பிறகு வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மீட்டரைப் பார்.

அம்மா: துணி துவைக்கும் இயந்திரம் ஓடுகிறது. அது முடியட்டும், நானே அணைக்கிறேன்.

அக்கா: எனக்குப் பத்து நிமிடம் கொடுங்கள், எழுதியதைச் சேமித்துக்கொள்கிறேன்.

(முக்கால் மணி நேரம் கழித்து)

நான்: சித்தப்பா! அணைத்ததும் 8-லிருந்து 3-க்கு இறங்கிவிட்டது. அதுவரை இருப்பதே தெரியாத மோர்ஸ் ஒலிகள் கேட்கின்றன!

சித்தப்பா: அடடா! ஒரு எஸ் அளவு 6 டெசிபல். ஐந்து அளவு என்றால் 30 டெசிபல், அதாவது இரைச்சலின் திறன் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிட்டது. எந்த ஆம்ப்ளிஃபையரும் இந்த லாபத்தைத் தராது. இனி ஒவ்வொரு பிரேக்கராகப் போட்டுக்கொண்டே வா.

அம்மா: மாடிப்படிப் பக்கத்து பிரேக்கரைப் போட்டவுடன் இவள் "அதுதான், அதுதான்" என்று கத்துகிறாள்.

நான்: சிற்றலை டிரான்சிஸ்டர் ரேடியோவைக் கையில் எடுத்துக்கொண்டு படியேறினேன். எல்இடி விளக்கின் அருகே உறுமல் உச்சத்துக்குப் போகிறது. விளக்கிலிருந்து தள்ளி வந்த பிறகும், சுவரில் ஒயர் போகும் வழியில் வைத்தால் அதே உறுமல் கூடவே வருகிறது.

சித்தப்பா: நன்றாகக் கவனித்திருக்கிறாய். விளக்கு சின்னதுதான், ஒயர்தான் அதற்கு ஆன்டெனா. விளக்கை மாற்றிவிடு, அதுதான் சரியான தீர்வு. மாற்ற முடியாத அடாப்டர்களின் ஒயரை ஃபெரைட் என்ற காந்தப் பொருளாலான வளையத்தில் பல சுற்று சுற்று. உனக்கு 31 என்ற எண்ணுள்ள கலவை பொருந்தும். ஒரு தடவை நுழைத்துவிட்டு நிறுத்திவிடாதே. சுற்றுகளை இரண்டு மடங்காக்கினால் தடுப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகும்.

அத்தை: எங்கள் வீட்டுக் கூடத்தில் பாட்டுப் பெட்டி உறுமுவதும் இதனால்தானா?

சித்தப்பா: இருக்கலாம் அக்கா. பக்கத்தில் இருக்கும் சார்ஜரை ஒரு நிமிடம் பிடுங்கிவிட்டுக் கேட்டுப் பாருங்கள்.

(மறுநாள் மாலை)

நான்: விளக்கை மாற்றியாயிற்று. இப்போது 5-இல் நிற்கிறது. மெயினை அணைத்தால் இன்னமும் 3-க்கு இறங்குகிறது.

சித்தப்பா: மீதி, ரேடியோவிலிருந்து ஆன்டெனாவுக்குப் போகும் கேபிள் வழியாக ஏறுகிறது. கோஆக்சியல் கேபிளின் வெளிப்பின்னல் வீட்டு இரைச்சலைச் சேகரித்து ஆன்டெனாவுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும். உன் டைபோலின், அதாவது இரு பக்கமும் நீளும் கம்பி ஆன்டெனாவின் நடுவில், கேபிள் சேரும் இடத்தில் ஒரு சோக் போடு; கேபிளை ஃபெரைட் வளையத்தில் சுற்றினால் அதுதான் சோக். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் இன்னொன்று. டைபோல் எங்கே கட்டியிருக்கிறாய்?

நான்: ஒரு முனை மொட்டை மாடிச் சுவரை ஒட்டி இருக்கிறது.

சித்தப்பா: அதையும் நகர்த்து. 7 மெகாஹெர்ட்ஸுக்கு 20 மீட்டர் கம்பி, இடம் கிடைப்பது சிரமம்தான். ஆனாலும் சுவரிலிருந்து சில மீட்டர் விலக்கினாலே வித்தியாசம் தெரியும்.

அண்ணன்: ரேடியோவில் வரும் சிக்னலைப் பெருக்கும் ப்ரீஆம்ப்பை என்ன செய்வது?

சித்தப்பா: அணைத்து வை. ஆன்டெனாவைச் செருகியதும் இரைச்சல் ஏறுகிறதா? ஏறினால் ரேடியோவின் உணர்திறன் ஏற்கெனவே போதும். ப்ரீஆம்ப் குரலையும் இரைச்சலையும் சேர்த்தே தூக்கும். மோர்ஸ் கேட்கும்போது வடிகட்டியை 2400 ஹெர்ட்ஸிலிருந்து 500-க்குக் குறுக்கினால் இரைச்சல் ஏறத்தாழ 7 டெசிபல் குறையும். அது உண்மையான லாபம்.

நான்: பக்கத்து வீட்டிலிருந்தும் கொஞ்சம் வருகிறது என்று நினைக்கிறேன். அவர்கள் வெளியூர் போயிருந்தபோது அமைதியாக இருந்தது.

சித்தப்பா: அதற்குக் கேட்பதற்கு மட்டும் ஒரு சிறிய வளைய ஆன்டெனா கட்டு. வளையத்தின் தளத்துக்குச் செங்குத்தான திசையில் அதற்குக் காது கேட்காது. மெல்லத் திருப்பி, உறுமல் அடங்கும் கோணத்தில் நிறுத்து. ஒலிபரப்புக்கு டைபோலே இருக்கட்டும். அவர்களிடம் பேசப் போனால் டிரான்சிஸ்டரைக் கொண்டுபோ. புகார் சொல்லாதே, அவர்கள் காதால் கேட்கட்டும்.

அம்மா: நானும் கூடப் போகிறேன். அந்த அம்மாவுக்கு என்னைத் தெரியும்.

சித்தப்பா: நல்லது அண்ணி. சோக் போட்டதும் சொல்லம்மா, இரவு 9 மணிக்கு அதே அலைவரிசையில் அழைக்கிறேன். முதலில் குறைந்த திறனில்.