குண்டுமல்லி மொட்டு ஊதாவாகி உதிர்கிறது, கொழுந்தும் மஞ்சள். உதவுங்கள்

மேடவாக்கம் மாடி:
மூன்று வருடமாகத் தொட்டியில் வைத்திருக்கும் குண்டுமல்லி. போன சித்திரையில் தினமும் ஒரு கை பூ பறித்தேன். இந்த வருடம் கொழுந்து இலை மஞ்சளாக வருகிறது, நரம்பு மட்டும் பச்சை. மொட்டெல்லாம் ஊதாவாகி, ஓட்டை விழுந்து, ரெண்டு மூணு சேர்ந்து நூலாம்படை மாதிரி ஒட்டிக்கொண்டு உதிர்கிறது. நர்சரியில் யூரியா போடச் சொன்னார்கள், போட்டேன், இலைதான் கூடியது.

கிணற்றடி:
யூரியாவை இன்றோடு நிறுத்துங்கள். ஒரு மொட்டைப் பிளந்து பாருங்கள், உள்ளே கருந்தலையோடு பச்சைப் புழு இருந்தால் மொட்டுப்புழு. அப்புறம், என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள்?

மேடவாக்கம் மாடி:
புழு இருக்கிறது அண்ணா, அரிசி நீளம்கூட இல்லை! தண்ணீர்... ஆர்ஓ மெஷினில் கழிவாக வருகிறதே, வீணாகிறதே என்று அதைத்தான் ஊற்றுகிறேன். எங்கள் போர் தண்ணீரே உப்பு.

கிணற்றடி:
அதுதான் விஷயம். போர் தண்ணீரின் உப்பு முழுக்க அந்தக் கழிவில் சேர்ந்துதான் வருகிறது, அதை பாத்ரூம் கழுவ வையுங்கள். மண் காரமாகிவிட்டால் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது, கொழுந்து வெளுப்பது அதனால்தான். தொட்டியில் ரெண்டு தடவை நல்ல தண்ணீர் விட்டு அடியில் வழிய விடுங்கள். அன்னபேதி (இரும்பு சல்பேட் உப்பு) லிட்டருக்கு 5 கிராம், சாயங்காலம் இலையில் தெளிக்கலாம். நல்ல தண்ணீரில் கரையுங்கள், உப்புத் தண்ணீரில் துருப்பிடித்த மாதிரி பழுப்பாகிவிடும்.

வாசல் தோட்டம்:
புழுவுக்கு நான் செய்வது: கெட்ட மொட்டு ஒன்று விடாமல் பொறுக்கி சோப்புத் தண்ணீரில் போட்டுவிடுவேன், செடியடியில் விட்டால் திரும்ப வரும். வாரம் ஒருமுறை வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து. எப்போது கவாத்து செய்தீர்கள் தங்கச்சி?

மேடவாக்கம் மாடி:
பொங்கல் கழித்து, நுனி மட்டும்.

வாசல் தோட்டம்:
பாவம் பார்க்கக் கூடாது. கார்த்திகையில், நவம்பர் கடைசி வாரம், முழங்கால் உயரத்துக்கு வெட்டி இலையையும் உருவிவிடுங்கள். புதுக் கிளையில்தான் மொட்டு, மார்ச்சில் பிடிக்கும். இப்போது பூ முடிந்த நுனியை மட்டும் கிள்ளுங்கள்.

மேடவாக்கம் மாடி (மூன்று வாரம் கழித்து):
புதுக்கொழுந்து பச்சையாக வந்திருக்கிறது. பழைய மஞ்சள் இலை அப்படியேதான் இருக்கிறது. நேற்று 11 பூ, அதில் ரெண்டு ஓட்டை.