சென்னை மொட்டை மாடியில் புரட்டாசி, ஐப்பசிக்கு என்ன பூச்செடி வைக்கலாம்?

வேளச்சேரி_மாடி:
வணக்கம். நியூஜெர்சியில் இருக்கும் என் நாத்தனார் வாசல்படி முழுக்கச் சாமந்தித் தொட்டியாக அடுக்கிப் படம் அனுப்பிக்கொண்டே இருக்கிறார், அங்கே செப்டம்பர், அக்டோபர் வந்தால் வீட்டுக்கு வீடு இதுதானாம். நம் ஊரில் இந்த மாதங்களில் என்ன வைக்கலாம்? நல்ல வெயில் விழும் மாடி, ஆனால் மழைக்கு ஒரு மறைப்பும் கிடையாது. போன மார்கழியில் பூவோடு வாங்கிய சாமந்தி ஒன்று இருக்கிறது, தழைதழை என்று வளர்ந்திருக்கிறதே தவிர ஒரு மொட்டைக் காணோம். உரம் போதவில்லையா? வீட்டில் சின்னப் பையன் வேறு, கையில் கிடைத்ததை வாயில் வைப்பான்.

பெரம்பூர்_செடிக்காரர்:
உரத்தை விடுங்கள் மேடம், மாடியில் ராத்திரி விளக்கு எரிகிறதா? சாமந்திக்கு இரவு நீண்டால்தான் மொட்டு வரும். சென்னையில் ஜூன் கடைசியில் பகல் கிட்டத்தட்ட 13 மணி நேரம், டிசம்பர் கடைசியில் 11 மணி 20 நிமிடம் சொச்சம். நமக்குப் பெரிதாகத் தெரியாத அந்த வித்தியாசம் செடிக்குத் தெரியும். தெருவிளக்கோ எல்இடியோ விடிய விடிய மேலே அடித்தால் இருட்டியதே அதற்குத் தெரியாது, இலையாகப் போட்டுக்கொண்டிருக்கும். பசுமைக்குடிலில் வளர்க்கிறவர்கள் பூப்பதைத் தள்ளிப்போட வேண்டுமென்றே நடு ராத்திரியில் பல்பு போடுவார்கள். தொட்டியை இருட்டு மூலைக்கு நகர்த்துங்கள், தழைச்சத்து உரத்தை நிறுத்துங்கள். நுனி கிள்ளுவதெல்லாம் ஆடி, ஆவணியோடு சரி, இப்போது கிள்ளினால் வரப்போகிற மொட்டும் போகும்.

மயிலாப்பூர்வாசி:
அங்கே குளிருக்குப் பயப்படுகிறார்கள், நமக்குப் பயம் மழைதான். வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரம் வடகிழக்குப் பருவமழை ஆரம்பித்தால் டிசம்பர் வரை விடாது, வருஷ மழையில் பாதிக்கு மேல் அதற்குள் கொட்டிவிடும். அந்த நேரத்தில் தொட்டிச் செடி சாவது பெரும்பாலும் வேர் அழுகித்தான். அதனால் கோகோபீட் என்கிற தென்னை நார்த்தூளைக் குறைத்து மணலைக் கூட்டுங்கள், தொட்டியைச் செங்கல் மேல் ஏற்றுங்கள், அடித்தட்டை எடுத்துவிடுங்கள். பட்டு ரோஜா மாதிரி வெயில் செடிகளைப் படிக்கட்டுக் கூரைக்கடியில் தள்ளிவிட்டு, டிசம்பர் பூ, சங்குப்பூ, மழை லில்லி வையுங்கள். என் ஓட்டு டிசம்பர் பூவுக்குத்தான். வாசனை கிடையாது, கனகாம்பரத்துக்கு ஒன்றுவிட்ட சொந்தம், ஊதா, வெள்ளை, ரோஸ் எல்லாம் உண்டு, பூச்சித் தொல்லையும் குறைவு. நர்சரியில் கேட்டால் இதையெல்லாம் யார் வாங்குகிறார்கள் என்று ஒரு மாதிரி பார்ப்பார்கள். தெரிந்தவர் வீட்டில் ஒரு குச்சி ஒடித்து வாருங்கள், போதும்.

தாம்பரம்_தோட்டம்:
ஒரு திருத்தம். பையன் வாயில் வைப்பான் என்கிறபோது மழை லில்லி வேண்டாம், அதன் கிழங்கு விஷம். செங்காந்தளும் இந்த மழைக்குத்தான் அழகாகப் பூக்கும், மாநில மலர் என்று யாராவது ஆசை காட்டுவார்கள், அது இன்னும் மோசம், கிட்டேயே கொண்டுவராதீர்கள். அரளி, நித்தியகல்யாணியும் அப்படியே.

செண்டுமல்லி வைப்பதென்றால் இப்போது விதைக்காதீர்கள். ஆயுத பூஜைக்குப் பூ வேண்டுமென்றால் ஆடியிலேயே விதைத்திருக்க வேண்டும். இப்போது விதைத்தால் சரியாக அடைமழையில் பூத்து, இதழுக்குள் தண்ணீர் கோத்துக்கொண்டு, தலை தொங்கி அழுகும். நவம்பர் நடுவில் மழை படாத இடத்தில் நாற்று வளர்க்கும் குழித்தட்டில் விதைத்து, டிசம்பரில் மழை ஓய்கிறபோது தொட்டிக்கு மாற்றினால் பொங்கலை ஒட்டிப் பூக்கும். அதுவரை வாடாமல்லியை வைத்து ஒப்பேற்றலாம். அதுவும் தண்ணீர் தேங்கினால் போய்விடும், ஆனால் பூ காகிதம் மாதிரி இருப்பதால் மழையில் நனைந்தாலும் சீக்கிரம் அழுகாது.

வேளச்சேரி_மாடி:
டேங்க் பக்கத்தில் சென்சார் விளக்கு இருக்கிறது, இருட்டினால் தானாக எரிந்து காலையில்தான் அணையும், சாமந்தி அதற்கு நேர் கீழே! இன்றைக்கே நகர்த்துகிறேன். டிசம்பர் பூக் குச்சியை இப்போது நட்டால் இந்த வருஷமே பூக்குமா?

மயிலாப்பூர்வாசி:
குச்சியில் இந்த வருஷம் எதிர்பார்க்காதீர்கள், வந்தால் நாலு பூ வரும். வேர் பிடித்த செடியாகக் கிடைத்தால் கார்த்திகையில் பார்க்கலாம். பூத்து முடிந்ததும் பாதிக்கு வெட்டி விடுங்கள், அடுத்த வருஷம் புதராக வரும்.